வரத்துக்காலில் தொடங்கும் பாலை: ஐந்து துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். நீர்வளம், வருவாய், ஊரக வளர்ச்சி, வேளாண்மை, வனம் ஆகிய ஐந்து துறைகளின் செயலாளர்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக இதை எழுதுகிறேன். ஒரே செய்தியை ஐந்து மனுக்களாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் அதனதன் பிரிவுக்குப் போய்ச் சேரும். ஆனால் எழுதியவன் சொல்ல வந்தது அந்தப் பிரிப்பிலேயே தொலைந்துவிடும். மனு எழுதிப் பழகிய எந்த ஊரும் இதை அறியும். கனிமவளத் துறையையும் ஆறாவதாகச் சேர்த்திருக்க வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒரு நடுத்தரக் கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் நீர் பாயும் பாசனப் பரப்பில், மூன்று ஏக்கர் நிலம் வைத்திருப்பவன். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். நிலம் பாலையாவது ஏன் என்ற பாடத்தையும் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். சகாராவையும் தார் பாலைவனத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். சன்னலுக்கு வெளியே, ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், மணியடித்ததும் வகுப்பை விட்டு வெளியேறிவிடுவேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது உங்களிடம் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனமாதல் என்றதும் மணல்மேடுகள் ஊர்ந்துவந்து வயலை மூடும் காட்சிதான் நம் எல்லோர் மனத்திலும் எழுகிறது. இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் ஓப்ரெவீல் என்னும் பிரெஞ்சு வனவியலாளர். 1949-இல் அவர் எழுதியது சகாரா நகர்ந்து வருவதைப் பற்றியன்று. ஆண்டுக்கு 700 முதல் 1,500 மில்லிமீட்டர் வரை மழை பெறும் ஆப்பிரிக்கப் பகுதிகள், காடு அழிந்து, தீயாலும் பொருந்தாத உழவாலும் மேல்மண் கரைந்து, இருந்த இடத்திலேயே பாலையாவதைப் பற்றியே அவர் எழுதினார். பின்னர் 1968 முதல் 1974 வரை சகாராவின் தென்விளிம்பான சாகேல் பகுதியை வாட்டிய வறட்சி உலகை உலுக்கியது. அதன் தொடர்ச்சியாக 1977-இல் நைரோபியில் ஐக்கிய நாடுகள் அவையின் மாநாடு கூடியது. அக்காலத்தில் பழி பெரும்பாலும் மேய்ப்பர்கள் மேல் விழுந்தது; சகாரா ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் தெற்கே வருகிறது என்றும் பேசப்பட்டது. மழை ஓரளவு மீண்ட பிறகு சாகேலின் பல பகுதிகள் மறுபடியும் பசுமை கொண்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டியபோது, அணிவகுத்து வரும் பாலை என்ற கற்பனை ஆய்வாளர்களிடையே மதிப்பிழந்தது. பாடப்புத்தகங்களில் மட்டும் அது இன்னும் அணிவகுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

1994 ஜூன் 17 அன்று பாரிசில் ஏற்கப்பட்டு, 1996-இல் இந்தியாவும் உறுதி செய்த பன்னாட்டு உடன்படிக்கை தரும் வரையறையில் மணல் என்ற பேச்சே இல்லை. வறண்ட, பகுதி வறண்ட, சற்றே ஈரமுள்ள வறள் நிலங்களில், காலநிலை மாறுபாடுகளும் மனிதச் செயல்களும் உள்ளிட்ட பல காரணங்களால் நிலம் தரம் கெடுவதே பாலைவனமாதல் என்று அது சொல்கிறது. இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அகமதாபாத் மையம் வெளியிட்ட நிலப்பட ஏடுகளைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 2018–19-ஆம் ஆண்டு நிலவரப்படி நாட்டின் நிலப்பரப்பில் 29.77 விழுக்காடு, அதாவது 9.78 கோடி ஹெக்டேர், தரம் கெட்ட நிலம். அதற்கு முந்தைய ஏட்டில், 2011–13 நிலவரப்படி, விழுக்காட்டுக் கணக்கில் முதலிடத்தில் நின்ற மாநிலம் ராஜஸ்தான் அன்று. நல்ல மழையும் காடும் உள்ள ஜார்க்கண்ட். தமிழ்நாட்டில் தரம் கெட்ட நிலம் மாநிலப் பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மாநிலச் சராசரி என்பது காவிரிக் கழிமுகத்தையும் எங்கள் ஊரையும் கூட்டி வகுத்துக் கிடைப்பது. கழிமுகத்துப் பசுமை எங்கள் வெடிப்பு நிலத்தை அந்தக் கணக்கில் மறைத்துவிடுகிறது.

எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. தார் பாலைவனத்து ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டரும் பெய்வதில்லை. ஆகவே 'தண்ணியில்லாக் காடு' என்று எங்கள் பகுதிக்கு அரசு ஊழியர்களிடையே வழங்கும் பட்டம் மழையைப் பொறுத்தவரை பொய். ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மாதங்களில், அதிலும் எண்ணிச் சொல்லக்கூடிய சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மீதிப் பத்து மாதங்களும் வெயில். நிலம் ஏறக்குறையத் தட்டை. அணை கட்டப் பள்ளத்தாக்கு இல்லை. நிலத்தடி நீரோ பல இடங்களில் உப்பு. இத்தகைய நாட்டில் மனிதர்கள் நெல் விளைவித்துச் சோறு தின்றார்கள் என்றால், பத்து நாள் மழையைப் பத்து மாதத்துக்குப் பங்கிட்டுத் தந்த ஓர் ஏற்பாடு இருந்தது என்று பொருள். கண்மாய் என்பது அந்த ஏற்பாட்டின் கண்ணில் படுகிற பகுதி மட்டுமே.

தேரிக்காட்டைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் பாலை எங்கே என்று கேட்டால் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மணல் மேடுகளையே எல்லோரும் காட்டுவார்கள். படம் எடுக்கவும் அது ஏற்ற இடம். மேற்கு மலைத்தொடரின் கணவாய்கள் வழியாக ஆனி, ஆடியில் பாய்ந்து வரும் காற்று அந்த மணலை அலைக்கழிப்பது உண்மைதான். ஆனால் தேரி இயற்கையாக அமைந்த நிலம். அதற்கென்று பனையும் உடைமரமும் அமைந்த ஒரு வாழ்வு உண்டு. அங்கே அஞ்ச வேண்டியது மணலைக் கண்டு அன்று. மணலை அள்ளுவோரைக் கண்டுதான். நான் சொல்லும் பாலைக்குச் செந்நிறம் கிடையாது. தொலைவிலிருந்து பார்த்தால் அது பச்சையாகவே தெரியும்; அதனால்தான் அது கணக்கிலிருந்தும் தப்பிவிடுகிறது.

கண்மாய் நீரை வயலுக்குத் திறந்துவிடும் மடைகள் எங்கள் கண்மாய்க்கு நான்கு. எங்கள் நிலம் மூன்றாம் மடைப் பாசனத்தில் இருக்கிறது. என் பாட்டனார் காலத்தில் சம்பா நெல் அறுத்த பிறகும் கண்மாயில் தண்ணீர் நிற்கும். அந்த ஈரத்தில் பருத்தியோ மிளகாயோ போடுவார்கள். தந்தையார் காலத்தில் தை வரை தண்ணீர் நின்றது, நெல்லோடு சரி. என் காலத்தில் மார்கழி நடுவிலேயே மடையடி காய்ந்து, பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் பதராகப் போவதைப் பலமுறை கண்டுவிட்டேன். மூன்று தலைமுறையிலும் மழை கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. ஆனால் கண்மாய்த் தண்ணீர் மட்டும் ஒரே திசையில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மழை குறைந்ததால்தான் நிலம் கெட்டது என்று நான் வகுப்பில் சொன்ன விளக்கம் என் சொந்த நிலத்திலேயே பொருந்தவில்லை.

எது குறைந்தது என்று தேடிப் போனால், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்காலுக்கு வந்து சேர்வோம். குண்டாற்று நீரைப் பிரித்துக் கொண்டுபோகச் சேதுபதிகள் காலத்தில் வெட்டப்பட்ட ரெகுநாத காவேரியைப் போன்ற பெரிய கால்வாய்களிலிருந்து, பெயரே இல்லாத சிற்றோடைகள் வரை, எங்கள் சீமையின் கண்மாய்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. மேல்கண்மாய் நிறைந்து, மிகுநீர் வழியும் கலுங்கில் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்கண்மாய்க்கு வரத்து. இராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நாற்பத்தெட்டு மடைகளும் மேலே உள்ள ஏதோ ஒரு கால் தூர்ந்து போகாமல் இருப்பதை நம்பியவைதாம். வைகை பெரும்பாலும் கடலைச் சேராமல் கண்மாய்களிலேயே முடிந்துபோவதும் இந்தக் கண்மாய்க் கோவையால்தான்.

இப்போது கெடுதல் நடக்கும் முறையைச் சொல்கிறேன். புல்லும் புதரும் நீங்கிய மேட்டு நிலத்தில் முதல் மழையின் பெரிய துளிகள் நேராக மண்ணில் அறைகின்றன. மண்துகள் சிதறி, நுண்துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஒரு பொருக்கு கட்டுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்க வழியின்றி மேலாக ஓடுகிறது. ஓடும் நீர் முதலில் கொண்டுபோவது மிக நுண்ணிய, மிகச் சத்துள்ள மண்ணை. அது வரத்துக்காலிலும், கண்மாயில் நீர் தேங்கும் இடமான உள்வாயிலும் படிகிறது. மேட்டு நிலம் ஏழையாகிறது. கண்மாய் ஆழம் குறைகிறது. ஆழம் குறைந்த கண்மாயில் அதே அளவு நீர் பரந்து நிற்பதால் வெயிலுக்கு அதிகம் போகிறது. கடைசி மடை நிலங்கள் தரிசாகின்றன. தரிசானவர் அடுத்த ஆண்டு கால் வெட்டும் வேலைக்கு ஆள் அனுப்புவதில்லை. தண்ணீர் வராதவர் எதற்காக அனுப்ப வேண்டும்? ஆள் குறைந்ததால் கால் இன்னும் தூர்கிறது. அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் மடை. எங்கள் ஊரில் நான்காம் மடைக்காரர்கள் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனதும், மூன்றாம் மடையில் நெல் பதரானதும் ஒரே கதையின் அடுத்தடுத்த வரிகள்.

முன்பெல்லாம் குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்த வேலையை அரசு எடுத்துக்கொண்டு கெடுத்துவிட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. கால் வெட்டியவர்களும் மடை திறக்க மூழ்கியவர்களும் பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியார். விருப்பம் கேட்டு அவர்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. 1858-இலேயே கட்டாய வேலைக்கென்று சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், அந்த ஒற்றுமையின் தன்மையைப் புரிந்துகொள்ளலாம். அந்த முறை ஒழிந்ததற்காக நான் வருந்தவில்லை. அதன் இடத்தில் கூலியும் கணக்கும் பொறுப்பும் உள்ள வேறொரு முறை வராததற்காகவே வருந்துகிறேன். 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஒரே கோவையில் இருக்கும் மேல்கண்மாய் ஒருவரிடமும் கீழ்கண்மாய் வேறொருவரிடமும் இருக்க, இரண்டையும் இணைக்கும் வரத்துக்கால் வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்காகக் கிடக்கிறது. எங்கள் வரத்துக்காலின் மேல்பாதியில் அடைப்பை எடுக்கச் சொல்லி ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். தங்கள் அலுவலகம் கீழ்ப்பாதிக்கு மட்டுமே பொறுப்பு என்றார்கள். மேல்பாதிக்கு உரிய அலுவலகத்தில் கொடுத்தபோது, ஆக்கிரமிப்பு என்பதால் முதலில் அளவை வேண்டும் என்றார்கள். அளவைக்குக் கொடுத்த மனு மூன்றாவது மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. அந்த அலுவலர்கள் யாரும் எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. ஒவ்வொருவரும் சொன்னது விதிப்படி சரி.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. 1960-களின் தொடக்கத்தில் அவற்றால் பாசனம் பெற்ற பரப்பு 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல். இன்று அதில் பாதியும் இல்லை. அந்த இடத்தைக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பிடித்துக்கொண்டன. 1990-ஐ ஒட்டி எல்லா உழவர்களுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. சிறு உழவனுக்கு அது பேருதவி. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் கிணறு உள்ளவனுக்குக் கண்மாய் மீது கவலை போய்விடுகிறது என்பதையும், கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும் என்பது அவனுக்கே காலங்கடந்துதான் உறைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படுவதாக 2017, 2020 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகள் காட்டின. கொங்கு நாட்டிலும் தருமபுரியிலும் ஆயிரம் அடி துளைத்தும் பாறைத் தூசிதான் வருகிறது. எங்கள் பக்கமோ அவ்வளவு ஆழம் போகத் தேவையில்லை. அதற்கு முன்பே உப்பு வந்துவிடும்.

உப்பின் கதை தனி. வடிகால் அடைபட்ட களிமண் நிலத்தில் உப்புநீரை இறைத்துப் பாய்ச்சினால், நீர் வெயிலுக்கு ஆவியாகும்போது உப்பு மட்டும் மேலே தங்கி வெள்ளையாகப் பூக்கிறது. விதை முளைத்தும் வேர் நீரை இழுக்க மாட்டாமல் கருகிவிடுகிறது. நல்ல மழைநீர் தேங்கி நின்று வடிந்தால் அந்த உப்பு கழுவப்பட்டுவிடும். கண்மாய் நீர் பாய்ந்த காலத்தில் எங்கள் முன்னோர் அறிந்தோ அறியாமலோ ஆண்டுக்கொருமுறை நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடலோரத்தில் இதைவிட விரைவாகவே நடந்தது. 1990-களில் நெல் வயல்களுக்கு அருகே உப்புநீரைத் தேக்கி இறால் வளர்த்தபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகளைத் தடை செய்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்து நிலைமை மாறியது. உவர் ஏறிய நிலம் மட்டும் தீர்ப்புக்கோ சட்டத்துக்கோ ஏற்ப மீளவில்லை.

சீமைக் கருவேலத்துக்கு வருகிறேன். இந்த மடலைப் படிக்கும் பலரும் இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் மாவட்டத்தின் எல்லாக் கேட்டுக்கும் ஒரே குற்றவாளியாக அந்த மரம்தான் கூண்டில் நிற்கிறது. அமெரிக்கக் கண்டத்து மரமான அது 1877-ஐ ஒட்டி அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதிக்கு விறகுக்காக வந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, மழை மேகத்தை விரட்டுகிறது என்று மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் சொல்லப்படுவதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. அதன் உண்மையான வல்லமைகளே போதுமான அளவு கொடியவை. ஆழ வேரோடும், உவரிலும் நிற்கும், தன் நிழலில் நாட்டுப் புல்லை எழவிடாது, ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையை ஊரெங்கும் ஊன்றும், தூரோடு எடுக்காமல் வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் தழையும்.

ஆனால் அது விளைகிற வயலில் முளைப்பதில்லை. உழுகிற கலப்பைக்கு முன் அதன் கன்று நிற்க முடியாது. தண்ணீர் வராமல், ஆள் இல்லாமல், இரண்டு ஆண்டுகள் சும்மா கிடந்த நிலத்துக்குத்தான் அது வருகிறது. வந்த பிறகு அதுவே நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆகவே அதை நோயாகக் கருதுவதைவிட நோயின் முற்றிய நிலையாகக் கருதுவதே பொருந்தும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நெல்லும் பருத்தியும் கைவிட்ட ஆண்டுகளில் எங்கள் வட்டாரத்துக்குச் சோறு போட்டது கரிமூட்டம். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தோப்பை வெட்டுக்கு விட்டால் செலவில்லாமல் ஒரு தொகை கைக்கு வரும். விதை, உரம், ஆள், மழை என்று எதையும் நம்ப வேண்டாம். என் அண்டை நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். அவருக்குக் கருவேலம் ஒரு வைப்புத்தொகை. அவருடைய கணக்கில் தவறு ஒன்றும் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றத் தீவிரமாக ஆணையிட்டது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்கள் பற்றி அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தக் கொள்கையை வரவேற்கிறேன். ஆனால் எங்கள் கண்மாயில் இயந்திரம் வைத்துத் தூரோடு பிடுங்கிய இடத்தில், வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வராததால், அடுத்த கோடைக்குள் புதிய கன்றுகள் இடுப்பளவு நின்றன. மரம் எடுத்த செலவு ஒரு துறையின் ஏட்டில் முடிந்த பணியாகப் பதிவாகியிருக்கும். உள்வாய்களில் மரம் வளர்த்ததிலும் நம் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்: 1980-களில் ஸ்வீடன் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலங்கன்றுகளை நட்டதும் அரசுதான். விறகுப் பஞ்சத்துக்கு அது நல்ல மருந்து. நீர் நிற்க வேண்டிய இடத்தில் காடு இருக்கலாம் என்ற பழக்கத்தையும் அது கூடவே தந்துவிட்டது.

காலநிலையை நான் ஒதுக்கவில்லை. 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு ஏழாண்டு கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், எங்களுக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அங்கே ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன, வயல்கள் மணல் மேடிட்டன. வறட்சியால் பொருக்கு கட்டி நிற்கும் நிலத்தின் மீது இப்படி ஒரு மழை விழுந்தால் பல ஆண்டு மேல்மண் ஓர் இரவில் போய்விடும். வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பேரிடர் ஏடுகள் வகைப்படுத்துகின்றன. நிலத்தைப் பொறுத்தவரை ஒன்று கட்டி வைக்கிறது, மற்றொன்று அடித்துப் போகிறது. நல்ல நிலையில் உள்ள கண்மாய்க் கோவை இரண்டையும் ஓரளவு தாங்கும். தூர்ந்த கோவை இரண்டையும் பெருக்கும்.

காரணங்களில் ஒன்று உங்கள் பதிவேடுகளிலேயே இருக்கிறது. தரிசு என்ற ஒரு சொல். உழாமல் கிடக்கும் கரிசல், மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய் உள்வாயின் ஓரம், உவர் நிலம், கருவேலங்காடு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தரிசு என்று எழுதியதும் அது யாருக்கும் பயனற்ற இடம் என்றும், எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றும் ஆகிவிடுகிறது. 2016-இல் கமுதி அருகே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரியல்லன். எங்களிடம் குறையாமல் விளைவது வெயில் ஒன்றுதான். ஆயினும் இத்தகைய பெரிய பரப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த நிலத்தின் வழியாக எந்தக் கண்மாய்க்கு மழைநீர் போய்க்கொண்டிருந்தது என்ற கேள்வி முதலில் கேட்கப்பட வேண்டும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வரும் கீதாரிகளுக்கும் அந்தத் தரிசுதான் ஆண்டில் பாதி நாள் வீடு. மேய்ச்சலால் நிலம் கெடுகிறது என்பது உலகெங்கும் சொல்லப்படும் காரணம். எங்கள் ஊரில் ஒரு வாரம் கிடை அமர்ந்து எருவேறிய வயலையும் அமராத வயலையும் மழைக்குப் பின் நேரில் பார்த்தவர் அதை அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கி, இருக்கும் ஆடெல்லாம் ஒரே இடத்தில் நெருங்கும்போதுதான் அது கேடாகிறது.

கனிமவளத் துறையை ஏன் குறிப்பிட்டேன் என்றால், கண்மாய் மண் இப்போது விற்பனைப் பொருள். 2017-இல் உழவர்கள் வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள விதி தளர்த்தப்பட்டது, நல்ல விதி. மேட்டிலிருந்து கரைந்து வந்த கரம்பை மீண்டும் வயலுக்கே போவது இயற்கையான சுற்று. ஆனால் கரம்பையின் பெயரால் அதற்கு அடியில் உள்ள சவுடும் மணலும் இரவில் லாரியேறினால், கண்மாய்த் தரையில் மடை மட்டத்துக்குக் கீழே குழிகள் விழுகின்றன. அந்தக் குழியில் நிற்கும் நீர் எந்த வயலுக்கும் பாயாது. இப்படிக் குழிபட்ட கண்மாய் ஆழப்படுத்தப்பட்டதாகவே கணக்கில் எழுதப்படக்கூடும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பொய். 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் சட்டம் வந்தது. 2017-இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியது. 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது. மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பதாக இந்தியா 2019-இல் உலகுக்கு வாக்களித்திருக்கிறது. நான் கவனித்தவரை இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு: எண்ணக்கூடியது செய்யப்படுகிறது. தூர்வாரிய கண்மாய்களை எண்ணலாம், நட்ட கன்றுகளை எண்ணலாம். பன்னிரண்டு ஊர்களுக்கு ஊடே போகும் ஒரு வரத்துக்காலில் எங்கோ அரை மீட்டர் உயர்த்திப் போட்ட ஒரு சாலையை எந்தத் தலைப்பில் எண்ணுவது? அந்தச் சாலைக்கு அடியில் போட்ட சிறு குழாய் எங்கள் கண்மாயின் வரத்தில் பெரும்பங்கை நிறுத்திவிட்டது.

எனவே நான் கேட்பது புதிய திட்டம் அன்று. புதிய நிதியும் அன்று. ஒரு துறை ஒரு கண்மாய் என்று இல்லாமல், கோவை முழுவதையும், அதாவது நீர்பிடி மேட்டிலிருந்து கடைசிக் கண்மாயின் மறுகால் வரை, ஓர் அலகாக வைத்து ஒரே பதிவேடு ஆக்குங்கள். அந்தப் பதிவேட்டில் வரத்துக்காலின் அகலமும் மட்டமும் பழைய நில அளவைப் படத்தில் உள்ளபடி ஏறட்டும். அதைக் குறுக்கிடும் ஒவ்வொரு சாலையும் குழாயும் வேலியும் ஏறட்டும். தண்ணீர் எந்த மடை வரை எந்த மாதம் வரை எட்டியது என்பது ஆண்டுதோறும் ஏறட்டும். ஐந்து துறைகளும் அதே ஏட்டில் கையெழுத்திடட்டும். கருவேலத்தை எடுப்பதற்கு முன் அந்தக் கண்மாய்க்கு வரத்து உறுதியா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த நிலத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் குதிரைவாலியோ, நேரடியாக விதைக்கும் சித்திரைக்காரோ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாயோ போடுபவருக்கு விதையும் விலையும் கொடுத்துத் தாங்குங்கள். கால் வெட்டுவதை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் இயந்திரத்துக்கு விடாமல் மனிதர்களுக்கு, முழுக் கூலியோடு கொடுங்கள். தலைமுறைகளாகக் கூலியின்றிச் செய்தவர்களின் பிள்ளைகள் அதில் முதலில் இருக்கட்டும்.

முதலில் ஒரே ஒரு கோவையில் இதைச் செய்து பார்க்கலாம். எங்களுடையதுதான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் தன்னலம் ஆகும். ஆனாலும் எங்களுடையது எளிது என்று சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பழைய படமும் அதில் காலின் இரு கரையும் என்னிடம் உள்ளன. வரத்துக்கால் ஆடியில் முற்றிலும் காய்ந்திருக்கும். நடந்து பார்க்க அதுவே ஏற்ற காலம். காலின் தலைமுனையிலிருந்து எங்கள் உள்வாய் வரை ஒரு நாள் நடை. கருவேல முள் செருப்பைத் துளைக்கும், ஆகவே கனத்த காலணியோடு வரச் சொல்லுங்கள். ஐந்து துறைகளிலிருந்தும் ஒருவர் வந்தால் போதும். எல்லோரும் ஒரே நாளில் வர வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

இங்ஙனம்,
மூன்றாம் மடைப் பாசனத்து ஆயக்கட்டுதாரர் ஒருவர்,
முதுகுளத்தூர் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.